கர்ப்பவதியின் திடீர் வயிற்றுவலி: லயத்திலிருந்து தியேட்டர் வரை

காலை ஏழரை மணி. பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றியில் வியர்வை, எங்கள் மலை ஊரான இறம்பொடையின் காலைக் குளிரில் வியர்வைக்கு இடமில்லை. மாமியார்தான் பேசுகிறார்:

"ராவெல்லாம் வயித்து வலி மிஸ். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன், கேக்கல. கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை ரெண்டு குடுங்க. பத்து மணிக்குள்ள மலைக்குப் போயிட்டா அரைப்பேராவது விழும்."

இந்தப் பெண்ணுக்கு அடுத்த கால் மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம். தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர்களுக்காகவும், வீடு வீடாக ஏறி இறங்கும் மருத்துவமாதுகளுக்காகவும், சிறிய வைத்தியசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் வைத்தியர்களுக்காகவும் எழுதுகிறேன். பெரிய வைத்தியசாலையில் ஸ்கேன் இருக்கும், இரத்த வங்கி இருக்கும், நிபுணர் இருப்பார். ஆனால் அந்தப் பெண் அங்கே எப்போது போய்ச் சேருகிறாள் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்தான்.

குளிசை டப்பாவைத் திறப்பதற்கு முன் அவளைப் படுக்க வையுங்கள். கடைசியாகத் தீட்டு வந்த திகதியைக் கேளுங்கள். நாடி எண்ணுங்கள், பிரஷர் பாருங்கள். சேலையைத் தளர்த்தி வயிற்றில் கை வையுங்கள். உங்கள் கை சில்லென்றிருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் வயிறு அந்தக் குளிருக்கே இறுகி உங்களை ஏமாற்றும். உள்ளாடையில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் எடுத்து கர்ப்பச் சோதனையும் புரதச் சோதனையும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் கொடுக்கும் குளிசை வலியின் பெயரை மாற்றுமே தவிர வலியை மாற்றாது.

உடம்பு மறைத்து வைக்கும் கணக்கு

கர்ப்பத்தில் ஒரு பெண்ணின் இரத்தக் கொள்ளளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. பிரசவத்தில் போகும் இரத்தத்துக்கு உடம்பு முன்கூட்டியே செய்யும் சேமிப்பு அது. அந்தச் சேமிப்பால்தான் உள்ளே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் கொட்டிய பிறகும் அவள் எழுந்து நடந்து உங்களிடம் வருகிறாள். பிரஷர் விழுவது கடைசியில். அதற்குள் பாதி நேரம் போய்விட்டிருக்கும். இரத்தச்சோகை பரவலாக உள்ள நம் தோட்டங்களில் இந்தச் சேமிப்பும் மெலிந்தது. அதே அளவு இரத்தம் போனால் விளைவு இன்னும் மோசம்.

அதனால் நாடியையும் பிரஷரையும் சேர்த்துப் பாருங்கள். நாடி எண்ணிக்கையை மேல் பிரஷரால் வகுத்தால் வரும் எண் 0.9 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம். நாடி 112, மேல் பிரஷர் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நூறு இருக்கிறதே, பரவாயில்லை' என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள்: 1.12. அந்தப் பெண்ணுக்கு அம்புலன்ஸ் இப்போதே வேண்டும்.

இன்னொரு மறைப்பும் உண்டு. வளரும் கருப்பை, வயிற்றின் முன்சுவரை உள்ளுறுப்புகளிலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் முன்சுவர் பலகைபோல் இறுகாமல் இருக்கலாம். வெள்ளையணு எண்ணிக்கை கர்ப்பத்தில் இயல்பாகவே 16,000 வரை போகும். பிரசவ வலியில் அதற்கும் மேலே. எனவே 'வயிறு மெதுவாக இருக்கிறது' என்பதோ, ஒரு இரத்தப் பரிசோதனைத் தாளோ யாரையும் வீட்டுக்கு அனுப்பக் காரணமாகாது. ஒரு மணி நேரம் கழித்து அதே கை அதே வயிற்றை மறுபடி தொட வேண்டும்.

முதல் மூன்று மாதம்: தோள்வலி சொன்னால் நின்று கேளுங்கள்

கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில் தங்குவது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் நடக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் குழாய் தாங்காது. தீட்டு தள்ளிப்போனது, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, பழுப்பாகச் சிறிது இரத்தம் என்பது புத்தகப் படம். நம் மலையில் அது வேறு உருவத்தில் வரும். 'தோள் குத்துது மிஸ்' என்பாள். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் உதரவிதானத்தைத் தொடும்போது அந்த வலி தோள் நுனியில் தெரியும். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் தோள்வலியை யார் சந்தேகிப்பார்கள்? கூடை சுமந்த வலி என்று தைலம் கொடுத்து அனுப்பிவிடுவோம். படுத்தால் தோள்வலி கூடுகிறதா, மலம் கழிக்க வேண்டும்போல் அடிக்கடி தோன்றுகிறதா, எழுந்தபோது கண் இருட்டியதா என்று கேளுங்கள். கூடை தருகிற வலியோடு இவை வருவதில்லை.

'எல்.ஆர்.டி. செஞ்சாச்சு மிஸ், புள்ளைக்கு வழியே இல்ல' என்று ஒரு பெண் சொன்னால் அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கர்ப்பம் தங்குவது அரிது. தங்கினால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். லூப் போட்டவர்களுக்கும் இதேதான். மணமாகாத பெண்ணிடம் தாயார் பக்கத்தில் நிற்கும்போது தீட்டுக் கணக்கைக் கேட்காதீர்கள். அவர்களை வெளியே தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேளுங்கள். அந்தக் கதவைச் சாத்தாததால் தவறும் நோயறிதல்கள் உண்டு.

கர்ப்பச் சோதனை பொசிட்டிவ், வயிறு வலி, கருப்பைக்குள் கரு இருப்பதை ஸ்கேனில் யாரும் இதுவரை பார்க்கவில்லை என்றால் அவளைக் குழாய்க் கர்ப்பம் என்றே நடத்துங்கள். இரண்டு கையிலும் அகலமான கெனுலா போடுங்கள், சேலைன் தொடங்குங்கள். பெரிய வைத்தியசாலைக்குப் போன் செய்து இரத்தம் தயாராக வைக்கச் சொல்லுங்கள். வெடித்த குழாயை அகற்றுவதே சிகிச்சை. 1883இல் பேர்மிங்காமில் லோசன் டெய்ட் அதைத் துணிந்து செய்து காட்டும்வரை, வெடித்த குழாயோடு வந்த பெண்ணைச் சாகவிட்டுப் பார்த்திருப்பதே மருத்துவமாக இருந்தது. இன்று வெடிக்காமல் சிறிதாக, வலியில்லாமல் இருக்கும் குழாய்க் கர்ப்பத்துக்கு மெதொட்ரெக்சேட் ஊசி போட்டு, எச்.சி.ஜி. அளவு இறங்குகிறதா என்று பார்த்துக் காத்திருக்கலாம். ஆனால் அழைத்த நேரத்துக்கெல்லாம் வைத்தியசாலைக்குத் திரும்பி வர முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். கடைசி பஸ் மாலையோடு நின்றுவிடும் லயத்தில் வசிப்பவளுக்கு அந்தச் சிகிச்சையைத் தேர்வதற்கு முன் நிபுணரிடம் அவள் வீட்டுத் தூரத்தைச் சொல்லுங்கள். அதுவும் மருத்துவத் தகவல்தான்.

இதே வாரங்களில் சூல்பையிலுள்ள கட்டி முறுகிக்கொள்வதும் உண்டு. திடீரென்று, மணி சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக வலி தொடங்கும், கூடவே வாந்தி. சில மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் சூல்பை பிழைக்கும்.

குடல்வால்: பயத்தால் தள்ளிப்போகும் சத்திரசிகிச்சை

மகப்பேற்றோடு தொடர்பில்லாத வயிற்று அவசரங்களில், கர்ப்ப காலத்தில் அதிகம் வருவது குடல்வால் அழற்சி. தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சாப்பாடு பிடிக்காமல், குமட்டி, சில மணி நேரத்தில் வலப்பக்கம் போய் நிலைக்கும் வலி. 1932இல் பேயர் என்பவர் எக்ஸ்ரே படங்களை வைத்து, கர்ப்பம் வளர வளரக் குடல்வால் மேலே ஏறுகிறது என்று எழுதினார். அதை அப்படியே நம்பி வலது விலாவின் கீழ் மட்டும் தேடுகிறவர்கள் உண்டு. பிற்கால அனுபவம் அதைத் திருத்தியிருக்கிறது: எந்த மாதமானாலும் பெரும்பாலோருக்கு வலி வலது அடிவயிற்றில்தான். இரண்டு இடத்திலும் கை வையுங்கள்.

1908இலேயே பேப்லர் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர், கர்ப்பிணிகளைக் கொல்வது குடல்வால் அல்ல, தாமதம் என்று எழுதிவிட்டார். நூறாண்டுக்குப் பிறகும் கணக்கு மாறவில்லை. குடல்வால் வெடிக்குமுன் எடுத்துவிட்டால் கருவை இழக்கும் ஆபத்து நூற்றில் சில. வெடித்துச் சீழ் பரவிவிட்டால் அது 20 முதல் 35 வரை போகிறது.

தாமதம் பெரும்பாலும் அன்பிலிருந்துதான் பிறக்கிறது. 'வயித்துல புள்ள இருக்கையில கத்தி வைக்கிறதா?' என்று குடும்பம் கேட்கும். அப்போது புள்ளிவிவரம் சொல்லாதீர்கள். "அம்மா, கத்தி வைக்கிறது புள்ள இருக்கிற இடத்துல இல்ல. பக்கத்து வீட்டுல நெருப்புப் பிடிச்சிருக்கு. அதை அணைச்சாத்தான் புள்ள வீடு தப்பும்" என்று சொல்லுங்கள். இது புரியும். மயக்க மருந்தும் சத்திரசிகிச்சையும் எந்த மாதத்திலும் செய்யக்கூடியவை. கமரா வழிச் சத்திரசிகிச்சையும் அப்படியே. முதலில் ஸ்கேன், அது தெளிவாகச் சொல்லாவிட்டால், வசதி உள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. வேறு வழியில்லாதபோது சி.டி. எடுப்பதற்கும் தயங்க வேண்டாம். ஒரு தடவை எடுக்கும் சி.டி.யில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு, தீங்கு தொடங்கும் எல்லையாகக் கருதப்படும் 50 மில்லிகிரேக்குப் பொதுவாகக் குறைவு.

ஒன்றை மட்டும் நீங்கள் தடுக்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை 'பாவம், வெறும் வயிறு' என்று யாராவது சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாம். தியேட்டருக்குப் போகக்கூடிய எவருக்கும் வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். நாக்கு வறண்டால் நனைத்த துணியால் உதட்டைத் துடையுங்கள்.

இருபது வாரத்துக்குப் பிறகு 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்ற சொல்

மேல் வயிற்றில், நெஞ்சுக்குழியின் கீழே வலி. காரம் சாப்பிட்டேன், நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று அவளே காரணமும் சொல்லிவிடுவாள். இருபது வாரம் தாண்டிய பெண்ணின் கேஸ்ட்ரைட்டிஸை, பிரஷர் பார்க்கும்வரை நான் நம்புவதில்லை. கர்ப்பகால உயர் பிரஷர் நோயில் ஈரல் வீங்கி அதன் உறை இழுபடும்போது வரும் வலி அதே இடத்தில், அதே மாதிரிதான் இருக்கும். தலையிடி, கண் முன்னே மின்னல்போல் பறப்பது, முகம் வீங்குவது ஆகியவற்றைக் கேளுங்கள். 140/90 என்றால் அனுப்புங்கள். 160/110 என்றால் இது நிமிடக் கணக்கு.

சிவப்பணு உடைந்து, ஈரல் பாதிக்கப்பட்டு, தட்டணு குறையும் நிலைக்கு 1982இல் வைன்ஸ்டீன் ஹெல்ப் என்று பெயர் வைத்தார். அதில் சிலருக்குப் பிரஷர் பெரிதாக ஏறியே இருக்காது. எனவே பிரஷர் சரியாக இருந்தும் வலது விலாவின் கீழ் அழுத்தினால் துடிக்கிறாள் என்றால், இரத்தப் பரிசோதனை இல்லாமல் வீட்டுக்கு விடாதீர்கள். வாந்தி, மஞ்சட்காமாலை, தளர்ச்சி மூன்றும் கடைசி மாதங்களில் சேர்ந்தால் ஈரலில் கொழுப்பேறும் அரிய நோயையும் நினையுங்கள். இரத்தச் சீனி அபாயமாக இறங்கியிருக்கலாம்.

இந்தப் பிரஷர் நோயில் வரக்கூடிய வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட். 2002இல் முடிந்த மெக்பை ஆய்வில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றினார்கள். வலிப்பு வரும் ஆபத்தை அந்த மருந்து பாதியாக்கியது. வைத்தியரின் உத்தரவோடு 4 கிராம், நாளத்தின் வழியாக, 15 நிமிடத்துக்கு மேல் மெதுவாக. பிறகு முழங்கால் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் எழுதிக்கொண்டே இருங்கள். துடிப்பு மறைந்தால் மருந்தை நிறுத்துங்கள். மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லிலீற்றர், சிரிஞ்சோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை.

கட்டையாய் இறுகும் வயிறு

கருப்பை மரக்கட்டைபோல் இறுகி, இடையில் தளராமல், தொட்டாலே அலறும் வலி என்றால் நச்சுக்கொடி பிரிகிறது. இரத்தம் வெளியே வந்தாலும் வராவிட்டாலும் அதுதான். உள்ளேயே தேங்குகிற இரத்தத்தை ஸ்கேனும் பல வேளைகளில் காட்டுவதில்லை. ஸ்கேன் சரி என்றதும் நிம்மதியடையாதீர்கள். நச்சுக்கொடி கீழே இல்லை என்று உறுதியாகும்வரை உட்புறப் பரிசோதனை செய்யக் கூடாது.

இங்கே இரத்தம் உறையும் தன்மையே தீர்ந்துபோகலாம். ஆய்வுகூடம் இல்லாத இடத்திலும் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உலர்ந்த சுத்தமான சிறு கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, உங்கள் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குளிரில் மேசைமேல் வைத்தால் முடிவு பொய்யாகும், கைச்சூடு வேண்டும். நான்கு நிமிடம் கழித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழு நிமிடத்திலும் உறையவில்லை, அல்லது உறைந்தது தொட்டதும் குழைகிறது என்றால், போனில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான்: இரத்தம் உறையவில்லை.

முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்குப் பிரசவ வலி நடுவே வலியின் தன்மை மாறி, சுருக்கங்கள் திடீரென்று நின்று, பிள்ளையின் கை கால்கள் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டால் தையல் பிரிந்துவிட்டது. வேறு எதையும் யோசிக்க நேரமில்லை.

மலையில் கழிப்பறை இல்லாததும் ஒரு நோய்க்காரணம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், தட்டினால் துள்ளும் வலி என்றால் சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. கர்ப்பம் சிறுநீர்க் குழாயைத் தளர்த்தி அழுத்துவதால் இது எங்கும் வரக்கூடியது. ஆனால் காலையில் மலைக்கு ஏறி மத்தியானம்வரை ஒதுங்க இடமில்லாத பெண்கள், தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். இதை அவர்களின் அலட்சியம் என்று அட்டையில் எழுதாதீர்கள். கர்ப்பப் பதிவு நடந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒதுங்க வசதியுள்ள வேலை தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சிகிச்சை வைத்தியசாலையில்தான்: சேலைன், செப்ட்ரியாக்சோன் போன்ற ஊசி. சிப்ரோபுளொக்சசின், டெட்ராசைக்கிளின் வேண்டாம். இந்தக் காய்ச்சல் மாதம் முடியாத பிரசவத்தைத் தூண்டக்கூடும்.

பித்தக்கல், கணையம், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பில் சிக்கிய குடல், கருப்பைச் சதைக்கட்டியின் வலி எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது உங்கள் வேலையல்ல. வாந்தி நிற்காத, நான்கு மணி நேரத்தைத் தாண்டிய எந்த வலியையும் அனுப்புவதே உங்கள் வேலை. எழும்போதும் திரும்பும்போதும் கவட்டில் சுரீரென்று இழுத்து, படுத்ததும் அடங்குகிற வலி தசைநார் வலி. நாடி, பிரஷர், சிறுநீர், பிள்ளையின் அசைவு நான்கும் சரியாக இருந்தால் மட்டும் ஆறுதல் சொல்லி அனுப்பலாம்.

வழியில்

வலிக்குப் பரசிட்டமோல் கொடுங்கள். கடுமையென்றால் வைத்தியர் சொல்லி மோர்பின். வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயம் தேவையில்லை. டைக்குளோபினக், இபுப்ரோபென் இருபது வாரத்துக்குப் பிறகு கொடுக்காதீர்கள். பிள்ளையின் சிறுநீரகத்தையும் கடைசி மாதங்களில் இதயக் குழாயையும் அவை பாதிக்கும்.

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு எங்கள் மலைக்கும் வந்தது, கட்டணம் இல்லை. லயம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இருந்தால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லி, டோர்ச்சோடு ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள். கொழுந்து லொறியில்தான் போக முடியும் என்றால் அதிலேயே போங்கள்; காத்திருப்பதைவிட அது மேல். ஐந்து மாதம் தாண்டியவளை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. கருப்பை பெரிய இரத்தக் குழாயை நசுக்கி அவளை மயக்கமாக்கும். ஒரு கம்பளியை மடித்து வலது இடுப்புக்கு அடியில் செருகி, இடப்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.

இறம்பொடையில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது: மேலேயா, கீழேயா? வளைவுகளில் ஏறி நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கா, புசல்லாவை, கம்பளை வழியாக இறங்கிப் பேராதனைக்கோ கண்டிக்கோவா? கிட்ட இருப்பது எது என்று கேட்காதீர்கள். இந்த நேரத்தில் தியேட்டரும் மயக்க மருந்து வைத்தியரும் இரத்தமும் எங்கே தயார் என்று போனில் கேளுங்கள். பாதையையும் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது, மண்சரிவில் பாதைகள் துண்டாகி ஊர்கள் தனித்துப்போனதை மறந்துவிட முடியாது. அடைமழை எச்சரிக்கை வந்ததும், எட்டு மாதம் தாண்டியவர்களையும் முன்பு சிசேரியன் ஆனவர்களையும் வைத்தியசாலைக்குக் கிட்டவுள்ள உறவினர் வீட்டுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

கையில் கொடுத்து அனுப்பும் கடிதம்

அங்கே அவளை வரவேற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். 'வயிற்று வலி' என்ற ஒரே சொல்லோடு அவள் வரிசையில் நின்றுவிடக் கூடாது. "பட ரிதெனவா, லே யனவா" என்று இரண்டு சிங்கள வாக்கியங்களைக் கூடப் போகிறவருக்குச் சொல்லிக் கொடுங்கள்: வயிறு வலிக்கிறது, இரத்தம் போகிறது. கடிதத்தில் தீட்டுத் திகதி, வலி தொடங்கிய மணி, ஒவ்வொரு தடவை பார்த்த நாடியும் பிரஷரும் மணியோடு, கொடுத்த மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இரத்த வகை, உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். உங்கள் சந்தேகத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'மேலதிக சிகிச்சைக்காக' என்பதைவிட 'குழாய்க் கர்ப்பம் வெடித்ததாகச் சந்தேகம்' என்ற வரி தியேட்டர் கதவைச் சீக்கிரம் திறக்கும். கர்ப்பப் பதிவு அட்டையை மறக்காதீர்கள்.

அவள் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அன்டி-டி போட்டார்களா என்று வெளியேற்ற அட்டையில் தேடுங்கள். குழாய்க் கர்ப்பம் ஆனவளிடம், அடுத்த முறை தீட்டு தள்ளிப்போனால் ஆறாவது வாரமே ஸ்கேன் என்பதைக் கணவன் முன்னிலையில் சொல்லி, அட்டையின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்து, அடுத்து அந்த அட்டையைப் புரட்டப்போகிறவர் அவளை முதன்முதலாகப் பார்ப்பவராக இருப்பார்.